உம் கொட்டுதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன மாதம் ஜப்பான் பையரோடு வீடியோ கால். நாங்கள் அனுப்பிய நீல நிற லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துணி) துண்டுகள் ஏ, பி, சி மூன்றில் 'பி'தான் துணியில் சரியாக வரும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். வாக்கியத்துக்கு வாக்கியம் அவர் "ஹை, ஹை" என்றார். ஜப்பானிய மொழியில் 'ஆமாம்'. கடைசியில் "ஓகேவா சார்?" என்றேன். அதற்கும் "ஹை". அன்று மாலையே சாயப்பட்டறைக்குச் சொல்லிவிட்டோம். 600 கிலோ துணி. மூன்றாம் நாள் மெயில் வருகிறது: 'சி'யை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகப் பார்க்க விரும்புகிறோம். முதலாளியிடம் நான் வாங்கியதை இங்கே எழுதவில்லை.

அதன்பிறகு எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். எவ்வளவு குனிய வேண்டும், விசிட்டிங் கார்டை எப்படி இரண்டு கையாலும் வாங்க வேண்டும், சாப்ஸ்டிக்கைச் சோற்றில் நட்டமாகக் குத்தி வைக்கக் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில்தானே பேசினோம்? அதற்கு மேலும் பண்பாடு என்று ஒன்றைத் தனியாகப் படிக்கத்தான் வேண்டுமா? இல்லை, இதெல்லாம் பயிற்சி கொடுப்பவர்களின் பிழைப்பா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

பிழைப்பும்தான். ஆனால் சாப்ஸ்டிக் விஷயத்தைக் கேலி செய்யாதீர்கள். அங்கே சோற்றில் குச்சியை நட்டு வைப்பது இறந்தவருக்குப் படைக்கும் முறை. நம் வீட்டுக்கு விருந்துக்கு வந்த ஒருவர் வாய்க்கரிசி போடுவதுபோல எதையாவது செய்துவைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? நிற்க. உங்கள் 600 கிலோ துணி குனிந்து வணங்காததால் வீணாகவில்லை. 'ஹை' என்ற சொல் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தீர்கள், அதனால் வீணானது.

பாட்டி கதை சொல்லும்போது "உம் கொட்டுடா" என்பாள், நினைவிருக்கிறதா? ராட்சசன் ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போனான் என்றாலும் "உம்"தான். அவன் செய்தது சரி என்றா சொன்னோம்? கேட்டுக்கொண்டிருக்கிறேன், தூங்கிவிடவில்லை, மேலே சொல் என்றுதான் அதற்குப் பொருள். உங்கள் பையர் சொன்ன 'ஹை'களில் பெரும்பாலானவை அந்த உம்தான். ஜப்பானியர் இந்தப் பழக்கத்தை 'ஐஸுச்சி' என்கிறார்கள். எதிரெதிரே நின்று இரண்டு கொல்லர்கள் மாற்றி மாற்றிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல். நாம் உம்மைக் 'கொட்டு'கிறோம், அவர்கள் சம்மட்டியால் அடிக்கிறார்கள். எனக்கு இந்த ஒற்றுமை மிகவும் பிடிக்கும்.

சரி, கடைசி 'ஹை'? அது நேர்க்கேள்விக்கு வந்த பதில் ஆயிற்றே என்பீர்கள். கேள்வியைப் பாருங்கள். "ஓகேவா சார்?" எது ஓகே? நிறமா, உங்கள் விளக்கமா, பேச்சை முடித்துக்கொள்வதா? எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேரே மறுப்பதைக் கூடியவரை தவிர்க்கிற பழக்கத்தில் வளர்ந்தவர். அவர் "பரிசீலிக்கிறோம்" என்றாலே பல நேரம் முடியாது என்றுதான் அர்த்தம். இது நமக்கா புரியாது? பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜியெல்லாம் சாப்பிட்டுவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்தால், அந்த லெட்டருக்காக எந்தத் தகப்பன் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றான்?

இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினீர்கள் என்பது உண்மை. ஆனால் இருவருக்குமே அது இரவல் சட்டை. உள்ளே இருந்தது அவரவர் உடம்பு.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1606ஆம் ஆண்டின் கடைசியில் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய யேசு சபைத் துறவி மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் பல ஆண்டுகளாக அங்கே இருந்தார். கடற்கரையிலிருந்து வந்திருந்த பரதவக் கிறிஸ்தவர்கள்தான் அவருடைய சபை. மதுரைக்காரர்கள் எட்டிப்பார்க்கவில்லை. ஏன் என்று யோசித்த நொபிலி, மதம் மாற வருகிறவரிடம் வழக்கமாகக் கேட்கப்பட்ட கேள்வியைக் கவனித்தார். "பறங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா?"

கேட்டவர்களுக்கு அது வெறும் மொழிபெயர்ப்பு, 'கிறிஸ்தவனாக விருப்பமா' என்பதற்குத் தமிழ். பிராங்க் என்ற சொல் அரபியும் பாரசீகமும் சுற்றி வந்து இங்கே பறங்கியானது. பறங்கிப்பேட்டையிலும் பறங்கிமலையிலும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அன்றைய மதுரைக்காரர் காதில் பறங்கி என்றால் மாட்டுக்கறி தின்று, சாராயம் குடித்து, குளிக்காமல் திரிகிற போர்ச்சுகீசியன். கடவுளைப் பற்றி யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. உன் குலத்தை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தில் சேர்கிறாயா என்றுதான் கேட்டார்கள். யார் சம்மதிப்பார்?

நொபிலி முதலில் அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்தார். நான் பறங்கி இல்லை என்று அறிவித்தார். காவி கட்டினார், இறைச்சியை விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்து, தத்துவ போதகர் என்ற பெயரில் தமிழில் எழுதினார். அவருடைய ஆட்களே அவர்மீது புகார் செய்தார்கள். 1619இல் கோவாவில் விசாரணை நடந்தது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அவரைக் கொண்டாடுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். என்னால் முடியவில்லை. மேல்சாதிக்காரர் காதுக்கு எது எப்படிக் கேட்கும் என்பதைப் பிரமாதமாகக் கண்டுபிடித்தவர், அதற்கு விலையாகப் பரதவரின் கோயிலிலிருந்து தள்ளி இருந்துகொண்டார். சாதியை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஒடுக்கப்பட்டவர்களிடம் போக 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்று வேறு ஆட்களை ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. ஒரு பண்பாட்டைப் புரிந்துகொள்வது என்றால் அதில் யாருடைய பண்பாட்டை என்று கேட்காமல் விட்டதன் விளைவு அது. உங்கள் இரண்டு நாள் பயிற்சியிலும் 'ஜப்பானியர்' என்று ஒரே ஒரு ஆளைத்தான் காட்டியிருப்பார்கள். ஒசாகாக்காரரைக் கேட்டால் தோக்கியோக்காரர் வேறு சாதி என்பார்.

ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட உங்கள் கேள்வியை மாற்றுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை அடுத்த காலில் கேட்கவே வேண்டாம். "மூன்றில் எதை எடுத்துக்கொள்ளலாம்? 'பி'யில் எதை மாற்றினால் நன்றாக இருக்கும்? எழுத்தில் அப்ரூவல் என்றைக்கு வரும்?" அவர் பேச வேண்டியிருக்கும், நீங்கள் உம் கொட்டலாம். கால் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் 'நாங்கள் புரிந்துகொண்டது இது' என்று நாலு வரி மெயில். தவறாக இருந்தால் தனியாக உட்கார்ந்து, முகம் பார்க்காமல் திருத்தி எழுதுவது அவருக்கும் சுலபம். அந்த மெயில் கையில் வரும்வரை சாயப்பட்டறைக்குப் போன் போகக் கூடாது.

அந்த நீலத் துணி என்ன ஆயிற்று என்று எழுதவில்லையே? தைத்துக் காதர்பேட்டை பனியன் சந்தைக்கு வருவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த முறை திருப்பூர் வரும்போது எனக்கு இரண்டு டீஷர்ட் வேண்டும். சைஸ் எக்ஸெல்.