எங்கே பெருகும், எதனால் நிற்கும்? வாசகர் கேள்விகள்

போன வருடம் எங்கள் ஏரியில் ஒரு மூலையில் மட்டும் இருந்த ஆகாயத்தாமரை, இந்த வருடம் ஏரியையே மூடிவிட்டது. திடீரென்று எப்படி?

திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் கண்ணில் பட்டது கடைசிக் கட்டம்தான். இந்தச் செடி விதை முளைக்கட்டும் என்று காத்திருப்பதில்லை. தாய்ச்செடியிலிருந்து நீளும் தண்டின் நுனியிலேயே புதுச்செடி உருவாகிவிடும். சாக்கடை கலந்து சத்து மிகுந்த வெதுவெதுப்பான நீரில் சுமார் இரண்டு வாரத்தில் அது இரட்டிப்பாகும். ஏரியில் 64-இல் ஒரு பங்கை அது பிடித்திருக்கும்போது யாருக்கும் கவலை வராது. அங்கிருந்து முழு ஏரிக்கு ஆறே இரட்டிப்பு, அதாவது 12 வாரம். பாதியிலிருந்து முழுமைக்கு இரண்டே வாரம்! மனு எழுதி, அது மேசை மாறி, பொக்லைன் வந்து சேர்வதற்குள் கதை முடிந்திருக்கும். மூலையில் இருக்கும்போதே அள்ளிவிடுங்கள். அள்ளியதைக் கரையில் குவிக்காதீர்கள், அடுத்த மழைக்கு மறுபடி இறங்கிவிடும். சேற்றில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால் அடுத்த வருடமும் ஒரு கண் வையுங்கள்.

2008-இல் கோவைப் பக்கம் பப்பாளியையும் மரவள்ளியையும் அழித்த மாவுப்பூச்சி இப்போது ஏன் அந்த அளவுக்கு இல்லை? மருந்துக்குக் கட்டுப்பட்டதா?

மருந்தால் முடியவில்லை. மேலே இருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை எளிதில் உள்ளே விடாது. அந்தப் பூச்சியின் தாயகம் மெக்சிகோ. இங்கே வந்தபோது அதன் எதிரிகள் கூட வரவில்லை, அதனால்தான் அத்தனை ஆட்டம். 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ‘அசிரோஃபேகஸ் பப்பாயே’ என்னும் கடுகினும் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து வயல்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும், பொரிந்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று கொன்றுவிடும். பூச்சி பெருகினால் குளவியும் பெருகும், பூச்சி குறைந்தால் அதுவும் குறையும். எண்ணிக்கை ஏற ஏறப் பிடியும் இறுகுகிறது அல்லவா, மருந்துக்கு அந்தச் சூட்சுமம் கிடையாது. அதற்குப் பூச்சி பத்தானாலும் பத்தாயிரமானாலும் ஒன்றுதான். போதாக்குறைக்குக் குளவியையும் சேர்த்துக் கொல்லும்.

வேடந்தாங்கலில் சுற்றிலும் இவ்வளவு இடம் இருந்தும் பறவைகள் ஏன் சில மரங்களில் நெருக்கியடிக்கின்றன?

நீருக்குள் நிற்கும் மரங்கள்தான் பாதுகாப்பு, அவை குறைவு. எனவே கரையிலிருந்து பார்த்தால் கொத்துக் கொத்தாகத் தெரியும். அடுத்த முறை தொலைநோக்கியை ஒரே மரத்தில் நிறுத்திப் பாருங்கள். கூடுகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரே அளவு இடைவெளி இருக்கும், பக்கத்து வீட்டாரின் அலகு எட்டாத தூரம். கொத்துப் பரவல், சீரான பரவல் என்று பாடநூல் தனித்தனியாகப் பிரித்துவைத்தவை இரண்டும் ஒரே ஏரியில் இருக்கின்றன.

எதிரியும் இல்லை, உணவும் தாராளம் என்றால் ஒரு விலங்கு பெருகிக்கொண்டே போகுமா?

போகும், கொஞ்ச காலம். அலாஸ்காவை அடுத்த செயின்ட் மேத்யூ தீவில் 1944-இல் 29 துருவ மான்களை விட்டார்கள். ஓநாய் இல்லை, குளிர்காலத் தீனிக்கு மெத்தைபோல் லைக்கன் (தரையிலும் பாறையிலும் பாசிபோல் படரும் உயிரி). 1963-இல் மான்கள் சுமார் 6,000. லைக்கன் மிக மெதுவாக வளர்வது. தின்ற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அடுத்து வந்தது கடும் குளிர்காலம். 1966-இல் எண்ணியபோது மிஞ்சியிருந்தவை 42. அதில் கிடா ஒன்றே ஒன்று, அதுவும் இனப்பெருக்கத்துக்கு உதவாதது.