தலைசுற்றல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 58. ஓராண்டாகத் தலைசுற்றலால் அவதிப்படுகிறேன். படுக்கையில் வலப்பக்கம் திரும்பினாலும், கொடியில் துணி போட நிமிர்ந்தாலும், கோலம் போட்டுவிட்டு எழுந்தாலும் வீடே சுழல்கிறது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் குமட்டலும் பயமும் அன்று முழுவதும் இருக்கின்றன. வீட்டில் பித்தம் என்றார்கள். ஒரு டாக்டர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப் பட்டை போடச் சொன்னார். தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறேன். தலையை அசைக்காமலே நடக்கப் பழகிவிட்டேன். வெளியே போவதும் நின்றுவிட்டது. கார்த்திகையில் சோளிங்கர் மலைக்கு வருவதாக ஒரு வேண்டுதல் இருக்கிறது. உங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு என்று முன்பு எழுதியிருந்தீர்கள். இதோடுதான் வாழ்ந்தாக வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

இல்லை. நீங்கள் விவரித்திருக்கும் தலைசுற்றலோடு வாழ்ந்தாக வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. நான் மருத்துவன் அல்லன். நோயை உறுதிசெய்ய வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான். ஆனால் அவர் முதலில் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகளுக்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. எப்போது வருகிறது என்றால், தலையின் நிலை மாறும்போது. எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்றால், கொஞ்ச நேரம். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா என்பதை மட்டும் அடுத்த முறை கவனித்துக்கொள்ளுங்கள். படுக்கையில் புரள்வதும் அண்ணாந்து பார்ப்பதும் குனிந்து நிமிர்வதும் தூண்டிவிட, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுழற்சி, தலைசுற்றல் வகைகளிலேயே மிகப் பரவலானது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கும், அவர்களில் பெண்களுக்கும் இது அதிகம் வருகிறது.

காரணம் உட்செவியில் இருக்கிறது. தலையின் சாய்வை உணரும் சிறு பையொன்றில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புப் படிகங்கள் ஒட்டியிருக்கின்றன. அதன் அருகிலேயே, தலையின் சுழற்சியை உணரும் மூன்று அரைவட்டக் குழல்கள் திரவம் நிரம்பி இருக்கின்றன. வயதாலோ, தலையில் பட்ட அடியாலோ, நெடுநாள் படுக்கையில் கிடந்ததாலோ, பல நேரங்களில் காரணமே தெரியாமலோ அந்தப் படிகங்கள் பெயர்ந்து ஒரு குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. நீங்கள் திரும்பிப் படுக்கும்போது அவை உருண்டு திரவத்தை அசைக்க, அசையாமல் இருக்கும் தலை சுழல்வதாக அந்தக் காது மூளைக்குச் சொல்கிறது. மற்றக் காதும் கண்களும் அதை மறுக்கின்றன. இந்த முரண்பாட்டைத்தான் வீடு சுழல்வதாக நீங்கள் உணர்கிறீர்கள். படிகங்கள் அடியில் தங்கியதும் சுழற்சியும் நின்றுவிடுகிறது.

இது நெடுங்காலம் புரியாமல் இருந்தது. உட்செவி ஆய்வுக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ராபர்ட் பாராணி 1921-இல் இந்தத் தலைசுற்றலை விவரித்தார். 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர், நோயாளியின் தலையை ஒருபுறம் திருப்பி, அவரைச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கண்கள் துடிப்பதைப் பார்த்து நோயைக் கண்டறியும் முறையை வகுத்தார்கள். மருந்தில்லாத தீர்வைத் தந்தவர் அமெரிக்க மருத்துவரான ஜான் எப்லி. உள்ளே விழுந்த படிகங்களைத் தலையைப் படிப்படியாகத் திருப்பியே வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று அவர் சொன்னபோது சக மருத்துவர்கள் நம்ப மறுத்தார்கள். அவருடைய கட்டுரை 1992-இல்தான் வெளிவந்தது. நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சைவரை போய்க்கொண்டிருந்த ஒரு தொல்லைக்கு, கத்தியும் மாத்திரையும் இல்லாமல் சில நிமிடங்களில் முடியும் ஒரு வழியைத் தந்த அந்த மனிதருக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அந்தச் சிகிச்சையைத்தான் நீங்கள் கேட்டுப் பெற வேண்டும். மேசையில் உங்களை உட்காரவைத்து, பாதிக்கப்பட்ட காதின் பக்கம் தலையைத் திருப்பிச் சாய்ப்பார்கள். பிறகு தலையை மறுபுறம் திருப்பி, உடலையும் அந்தப் பக்கமாக ஒருக்களிக்கச் செய்து, இறுதியில் எழுப்பி உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நிறுத்துவார்கள். நடுவில் தலை சுற்றும். அதற்கு அஞ்சிப் பாதியில் எழுந்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரிகிறது. எந்தக் காது, எந்தக் குழல் என்பதைப் பொறுத்து முறை மாறும் என்பதால், செல்போனில் காணொளியைப் பார்த்து நீங்களாகவே முதல் முறை செய்து பார்க்க வேண்டாம். கழுத்துப் பட்டை போட்டிருப்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கழுத்துக்கு ஏற்ப முறையை மாற்றிக்கொள்வார்கள். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையிலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பரிசோதனை முடிந்து நீங்கள் தனியாக பஸ் ஏற வேண்டாம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

மாத்திரையைப் பற்றி எனக்கு உண்மையாகவே கவலை இருக்கிறது. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை கடுமையான சுற்றலும் வாந்தியும் இருக்கும் சில நாள்களுக்கு உதவுபவை. குழலுக்குள் கிடக்கும் படிகத்தை எந்த மாத்திரையாலும் எடுக்க முடியாது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் தூக்கக் கலக்கமும் தடுமாற்றமும் வரும். வயதானவர்களுக்கு கை நடுக்கமும் உடல் இறுக்கமும்கூட வரக்கூடும். நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் அட்டையை எடுத்துச் சென்று காட்டி, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். இஞ்சி குமட்டலைச் சற்று தணிக்கும். அதைக் குடிப்பதில் தவறில்லை. ஆனால் பித்தம் என்று சொல்லி ஓராண்டைக் கடத்திவிட்டதில்தான் எனக்கு வருத்தம்.

எனக்கு வந்தது வேறு வகை. ஒரு பக்கத்து உட்செவி நரம்பு அழற்சியால் பழுதுபட்டது. அசையாமல் படுத்திருந்தாலும் நாள்கணக்கில் விடாமல் சுற்றியது. அது அடங்கிய பிறகு நானும் உங்களைப் போலவே தலையை அசைக்காமல் நடந்தேன். அதைத்தான் செய்யக்கூடாது என்று இயன்முறை சிகிச்சையாளர் விளக்கினார். பழுதான காதுக்கு ஈடாக மூளை தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டுமானால், அது தலையசைவைச் சந்தித்தாக வேண்டும். சுவரில் மாட்டிய தினசரி காலண்டரின் தேதியைப் பார்த்தபடி, எழுத்து கலையாத வேகத்தில் தலையை இடவலமாகத் திருப்புவது என்னுடைய பயிற்சிகளில் ஒன்று. இத்தகைய பயிற்சிகளைக் காதார்ன், குக்ஸி என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1940-களிலேயே வகுத்துவிட்டார்கள். முதல் வாரங்களில் சுற்றல் கூடியதுபோல் இருந்தது. பிறகு நன்றாகக் குறைந்தது. இருட்டிலும், பாலாற்று மணலிலும் எனக்கு இன்றும் தடுமாற்றம் உண்டு. கண்ணும் பாதமும் தரும் உதவி அங்கே குறைந்துவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். கைத்தடியோடு நடக்கிறேன். உங்களுக்குச் சிகிச்சைக்குப் பிறகும் மந்தமான தள்ளாட்டம் எஞ்சியிருந்தால் இந்தப் பயிற்சிகளைக் கேட்டுப் பெறுங்கள். இறுக்கிப் பிடித்த கழுத்து மட்டும் வேண்டாம்.

வேறு வகைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் எல்லோருடைய தலைசுற்றலும் உங்களுடையதாக இருக்காது. காது அடைப்பு, இரைச்சல், கேள்விக் குறைவு ஆகியவற்றோடு மணிக்கணக்கில் சுற்றினால் அது மெனியர் நோயாக இருக்கலாம். அவர்களுக்குக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் போன்ற உப்பு மிகுந்தவற்றைக் குறைக்கச் சொல்வார்கள். ஒற்றைத் தலைவலியோடு வரும் வகையும் உண்டு. நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் நீர் வற்றி, எழுந்து நின்றதும் கண் இருண்டு வருவது இரத்த அழுத்தம் சார்ந்தது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, கைகால் மரத்துப்போனாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தாலோ அது பக்கவாதமாக இருக்கக்கூடும். எலுமிச்சைச் சாறு கொடுத்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

வேண்டுதலை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. சிகிச்சை முடிந்து, சுற்றல் வராத சில வாரங்கள் கழிந்த பிறகு போங்கள். சோளிங்கரில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2024 முதல் ரோப் கார் ஓடுகிறது. படியில் இறங்குவதானால் கைப்பிடியை விடாதீர்கள். உடன் வருபவர் உங்களுக்கு ஒரு படி கீழே முன்னால் நடக்கட்டும். அதுவரை ஸ்டூலில் ஏறிப் பரணில் பாத்திரம் எடுப்பதை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். காலையில் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்த பிறகு எழுந்திருங்கள். இரவில் குளியலறைப் பக்கம் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

குணமான பிறகு சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ இது திரும்ப வரலாம், பலருக்கு வருகிறது. வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அதை ஈடுசெய்தால் திரும்ப வருவது குறைகிறது என்று 2020-இல் வெளிவந்த ஒரு தென் கொரிய ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே அந்த இரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பாருங்கள். திரும்ப வந்தால், எந்தப் பக்கம் புரளும்போது சுற்றுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் அப்போது உங்கள் கண்களை வீட்டில் ஒருவரைச் செல்போனில் படம் பிடிக்கச் சொல்லி, அதே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அந்தச் சில நிமிடச் சிகிச்சையை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்துகொள்ளலாம்.

அன்புடன்.