காற்றை அதட்டியவர் இப்போது ஏன் புயலை நிறுத்தவில்லை?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இயேசு கடலை அமர்த்தியதைச் சொன்னபோது ஒரு சிறுமி, "அப்போ இப்ப வர்ற புயலை ஏன் நிறுத்த மாட்டேங்கிறார்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்வது?

பதில்: தள்ளிப்போட்டது நல்லதுதான். அவசரத்தில் "விசுவாசம் இருந்தால் நிற்கும்" என்று சொல்லியிருந்தால், வீட்டில் ஒரு சாவைப் பார்த்த பிள்ளை தன் விசுவாசம் போதவில்லை என்று அந்தப் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்ளும். அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து வகுப்பில் சொல்லவே வேண்டாம்.

முதலில் மாற்கு 4:35-41ஐப் பிள்ளைகளோடு மெதுவாக வாசியுங்கள். கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி, கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே கிடக்கிறது, சுற்றிலும் மேடு; மேட்டிலிருந்து இறங்கும் காற்று திடீரென்று அலையைக் கிளப்பிவிடும். அந்தத் தண்ணீரிலேயே பிழைத்த மீனவர்கள் பயந்தார்கள் என்றால் அது சாதாரணக் காற்றாக இருந்திருக்காது. படகில் தூங்கிக்கொண்டிருந்த இயேசு எழுந்து, "இரையாதே, அமைதலாயிரு" என்கிறார். இரண்டாவது சொல்லுக்குக் கிரேக்கத்தில் வாயைக் கட்டுவது என்று பொருள், முதல் அதிகாரத்தில் அசுத்த ஆவியை அடக்கும்போதும் அதே வினைதான் வருகிறது. கடலை அடக்குவது கடவுள் ஒருவருடைய வேலை என்று சங்கீதம் 89, 107 இரண்டும் பாடுகின்றன. அதனால்தான் காற்று நின்ற பிறகு சீடர்கள் மிகவும் பயந்து, "இவர் யாரோ?" என்று கேட்கிறார்கள். எப்படிச் செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

இயேசு செய்த அற்புதங்களை யோவான் தன் சுவிசேஷத்தில் அடையாளங்கள் என்றே சொல்கிறார். அப்பம் தின்று திருப்தியான கூட்டம் இயேசுவை ராஜாவாக்கப் பார்த்தபோது அவர் தனியே மலைக்குப் போய்விட்டார். வனாந்தரத்தில் தன் பசிக்குக் கல்லை அப்பமாக்கவும் மறுத்தார். வேண்டும்போதெல்லாம் இயற்கையை வளைத்துக் கொடுப்பதற்காக அவர் வரவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

சரி, சிறுமியின் கேள்விக்கு வருவோம். பைபிளிலேயே நிற்காத புயல் இருக்கிறது. அப்போஸ்தலர் 27இல் பவுல் போன கப்பலை பதினான்கு நாள் காற்று அலைக்கழித்தது, கப்பல் உடைந்தது, 276 பேரும் நீந்தியும் பலகையைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்ந்தார்கள். எல்லோரும் பிழைத்தார்களே என்று இதையும் ஒரு வாக்குறுதியாக்கிவிடாதீர்கள், ஏனென்றால் அதே புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து தப்புகிறார், யாக்கோபு வாளால் கொல்லப்படுகிறார். பவுலுக்கும் பேதுருவுக்கும் இருந்த விசுவாசம் யாக்கோபுக்கு இல்லை என்று அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை.

எனக்குப் பிடித்த சொல் அச்சாரம், பவுல் ஆவியானவரைக் குறித்துச் சொல்லும்போது நம் வேதாகமத்தில் வரும் சொல்தான். அச்சாரம் கொடுத்தால் முழுத்தொகை கைக்கு வந்துவிட்டது என்று ஆகாது, ஆனால் கொடுத்தவர் பின்வாங்கமாட்டார் என்று ஆகும். ரோமர் 8இல் சிருஷ்டி இன்னும் தவித்துக்கொண்டுதான் இருக்கிறது, வெளிப்படுத்தல் 21இல்தான் மரணமும் அலறலும் இல்லாமல் போகின்றன. அன்று அந்த ஏரியில் விழுந்த அமைதி அதற்கான அச்சாரம்.

கொஞ்சம் பெரிய பிள்ளை யாராவது அறிவியலுக்கு விரோதமில்லையா என்று கேட்டால், அற்புதம் இயற்கைக்கு விரோதமானது அல்ல, இயற்கையைப் பற்றி நாம் அறிந்ததற்குத்தான் விரோதமானது என்று பழைய திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் சொன்னதைச் சொல்லலாம்.

அப்புறம் ஒன்று. படகில் சீடர்கள், "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கேட்டார்கள். மாற்கு எழுதியபடி இயேசு முதலில் காற்றை அமர்த்தினார், விசுவாசத்தைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டார். உங்கள் வகுப்புச் சிறுமி கேட்டதும் அதே கேள்விதான், அதை அவளிடமே சொல்லுங்கள். அந்தக் கேள்வியையே ஜெபமாகச் சொல்லலாம் என்றும் சொல்லுங்கள்.