இன்ஜின் வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் போடுவதா: கேள்வி பதில்

தக்கலை வாசகர்: அண்ணாச்சி, 2009 ஆல்டோ. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கு. ஒரு மெக்கானிக் இன்ஜினை இறக்கி ரிங் மாத்தணும்னு சொல்லுகாரு. இன்னொருத்தர் செகண்ட்ஸ் இன்ஜின் போட்டிரலாம்ங்காரு. எது சரி?

பதில்: ரெண்டு பேருமே அளந்து பார்க்காமல் சொல்கிறார்கள். புகை எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப்புகை கிளம்பி, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் வால்வ் சீல்தான் போயிருக்கும். அதற்கு இன்ஜினை இறக்கவே வேண்டாம். குலசேகரம் ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்), போர் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் துளை) பக்கம் சந்தேகப்படலாம். அதற்கும் முன்னால், இன்ஜின் அடியில் சேரும் வாயுவைத் திரும்ப உறிஞ்சவிடும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கடகட சத்தம் இல்லையென்றால் அடைத்திருக்கிறது. சில நூறு ரூபாய் சாமான், அது அடைத்தாலும் ஆயில் போகும்.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது. இன்ஜின் சூடாக, பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்து, இக்னிஷன் காயில் வயரையும் பிடுங்கிவிடுங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு பிளக் துளையிலும் மாற்றி மாற்றிக் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஐந்தாறு சுற்று செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டி, ஒன்றுக்கொன்று 15க்குள் வித்தியாசம் இருந்தால் இன்ஜினைத் தொடாதீர்கள். ஒன்று மட்டும் 110 காட்டினால், அந்த பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால் போதும்.

"ரிங் மட்டும்" என்கிற வேலைதான் இங்கே அதிகம் ஏமாற்றுகிறது. தேய்ந்த போரின் மேல்பகுதியில், விரல் நகத்தை ஓட்டினால் தட்டுகிற மாதிரி ஒரு விளிம்பு விழுந்திருக்கும். பழைய ரிங் அதற்குக் கீழேயே ஓடிப் பழகியது. புது ரிங் அதில் மோதி உடையும். போர் முட்டை வடிவமாகியிருந்தால் புது ரிங்கும் சுவரோடு ஒட்டாது, ஆறு மாதத்தில் பழைய கதைதான். அதனால் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் லேத்தில் துளையைச் சற்றுப் பெரிதாக்கி (ரீபோர் செய்து) 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன். பிஸ்டனை வாங்கி, அதைக் கையில் அளந்த பிறகே போர் அடிக்க வேண்டும். அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது.

குளச்சல் வாசகர்: 2012 ஸ்விஃப்ட் டீசல். ஐடிலில் ஆயில் லைட் மினுக்குது. அரை இன்ஜின் (ஹெட் இல்லாத கீழ்ப்பாதி) மாத்தச் சொல்றாங்க.

பதில்: கடற்கரை வண்டி என்பதால் இன்ஜினுக்கு முன்னால் அடிப்பாகம். உப்புக்காற்று தின்பது பெரும்பாலும் கால் வைக்கிற தரைவிரிப்புக்கு அடியில்தான். ஸ்க்ரூடிரைவர் எடுத்து ஜாக்கி வைக்கிற இடம், முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் உட்காருகிற இடம், பின் ஆக்சில் பிடிக்கிற இடம் மூன்றையும் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டியில் இன்ஜின் செலவு வேண்டாம், நல்ல இன்ஜினாக இருந்தாலும்.

அடிப்பாகம் திடமாக இருந்தால், ஆயில் பிரஷர் சென்சரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்பது பொதுக் கணக்கு. கேஜில் அழுத்தம் சரியாக இருந்தால் சென்சர்தான் கோளாறு. குறைவாக இருந்தால் அடியில் ஆயில் நிற்கிற தட்டை (சம்ப்) இறக்கிப் பாருங்கள்: ஆயில் உறிஞ்சும் வலையைக் கசடு அடைத்திருக்கலாம். அடியில் செம்பு நிறத்தில் பொடி மினுங்கினால் பேரிங் போய்விட்டது. கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்ட் செய்து, குறைந்த அந்த அளவுக்கான அண்டர்சைஸ் பேரிங் போடலாம். கிராங்க்கில் பேரிங் உட்காருகிற ஜர்னல் நீலம் பாய்ந்திருந்தால் வேறு கிராங்க், அல்லது அரை இன்ஜின்.

மார்த்தாண்டம் வாசகர்: சாரே, களியக்காவிளை தாண்டி, வண்டி உடைக்கிற கடையில ஒரு இன்ஜின் இருக்கு. எடுக்கலாமா?

பதில்: ஓட்டிக் காட்ட முடியாத இன்ஜினுக்கு அரை விலைகூட அதிகம். அங்கேயே கம்ப்ரஷன் பாருங்கள். ஆயில் மூடியில் காபி நிறத்தில் கூழ் இருந்தால் தண்ணீர் கலந்தது, திரும்பி வந்துவிடுங்கள். வாங்கினால் டைமிங் செட், வாட்டர் பம்ப், எல்லா சீல்களையும் வண்டியில் ஏற்றும் முன்பே மாற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு கூலி இரட்டிப்பு.

பேப்பர் அதைவிட முக்கியம். இன்ஜின் நம்பர் போட்ட பில், அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி முதலில், மாட்டுவது அப்புறம். உங்களுக்கு மார்த்தாண்டம் (டி.என். 75) அலுவலகம். ஆர்.சி.யில் நம்பர் மாறியதும் இன்சூரன்ஸிலும் மாற்றுங்கள். நம்பர் ஒத்துப்போகாத வண்டியில் விபத்து கிளெய்ம் சிக்கலாகும், 15 வருட ஆர்.சி. புதுப்பிப்பிலும் மடக்குவார்கள்.

நாகர்கோவில் வாசகர்: அம்பாசடரில் வேறு கம்பெனி இன்ஜின்?

பதில்: வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பூதப்பாண்டி வாசகர்: ஐப்பசி மழையில் தண்ணிக்குள்ள நின்னு போச்சு. செல்ஃப் அடிச்சா டக்குன்னு நிக்குது.

பதில்: இனி அடிக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நிற்கிறது. அமுங்காத தண்ணீர் கனெக்டிங் ராடை வளைக்கும். பிளக்கை (டீசல் என்றால் குளோ பிளக்கை) கழற்றிவிட்டு, தண்ணீர் வெளியே பீய்ச்சும்வரை சுற்றுங்கள். ஏர் ஃபில்டர், ஆயில் மாற்றிய பிறகு கம்ப்ரஷன். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் ராடு வளைந்து பிஸ்டன் முழு உயரம் வரவில்லை என்று சந்தேகப்படலாம். 'இன்ஜின் புரொடெக்ட்' சேர்க்காத பாலிசியில் பொதுவாக இதற்குப் பணம் கிடைக்காது. அதனால் அந்த ஒரு ராடு, பேரிங்கோடு நிறுத்தப் பாருங்கள்.

குலசேகரம் வாசகர்: ஓவர்ஹால் முடிஞ்சு வந்தாச்சு. எப்படி ஓட்டணும்?

பதில்: 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், 1,000இல் திரும்பவும். அதுவரை ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல், கியரை மாற்றி மாற்றி, மிதமாக ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் படியும். பேச்சிப்பாறை ஏற்றத்தில் டாப் கியரில் திணறவிடாதீர்கள். ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது, கூலன்ட்தான். அலுமினிய ஹெட்டை அரிப்பதே அந்தத் தண்ணீர்தான்.