டேங்க் இருந்த இடத்தில் பேட்டரியா?

ஆர்சி (ரேடியோ கன்ட்ரோல் வண்டி) கேள்வி – பதில்

கேள்வி: சார், என்னிடம் 1/8 அளவு நைட்ரோ ட்ரக்கி (நைட்ரோ எரிபொருளில் ஓடும், பக்கிக்கும் ட்ரக்குக்கும் இடைப்பட்ட வண்டி) ஒன்று இருக்கிறது. என்ஜினில் கம்ப்ரஷன் போய்விட்டது. புது ஸ்லீவும் பிஸ்டனும் போடுவதற்குப் பதில் எலெக்ட்ரிக்காக மாற்றிவிடலாம் என்று 4074 பிரஷ்லெஸ் மோட்டார், 150 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), 4எஸ் லிப்போ (நாலு செல் பேட்டரி) எல்லாம் சேர்த்துவிட்டேன். மோட்டார் மவுண்ட் மட்டும் பாக்கி. எதை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். என்ஜின் இடத்தில் மோட்டார், டேங்க் இடத்தில் பேட்டரி, முடிந்தது வேலை என்கிறார் ஒரு நண்பர். டிரைவ் ஷாஃப்டுக்கு மேலே தட்டு அடித்து நட்டநடுவில் பேட்டரியை வை, இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் என்கிறார் இன்னொருவர். சேஸித் தகட்டையே மாற்று, எலெக்ட்ரிக் மாடலின் தகடு வாங்கு என்கிறார் மூன்றாமவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதல் நண்பர் பாதி சரி. மூன்றாமவர் சொல்வது நல்ல வழி, அமைந்தால். இரண்டாமவரிடம் நட்பை வைத்துக்கொள்ளுங்கள், யோசனையை விட்டுவிடுங்கள்.

அந்த யோசனையைச் செய்து பார்த்துச் சூடு பட்டவன் நான். என் முதல் மாற்று வண்டியில் ஷாஃப்டுக்கு மேலே நாலு தூண் நட்டு, ஒரு தட்டு போட்டு, பேட்டரியை நடுவில் கட்டினேன். மேஜை மேல் தூக்கிப் பார்த்தால் இடமும் வலமும் துல்லியமாகச் சமம். அப்படியே பூரித்துப்போய் மைதானத்துக்குக் கொண்டுபோனேன். முதல் திருப்பத்தில் படுத்தது. நிமிர்த்தி விட்டேன், அடுத்த திருப்பத்திலும் படுத்தது. அன்று ஓட்டியதைவிட ஓடிப்போய் நிமிர்த்தியதுதான் அதிகம். பேட்டரி தீர்வதற்குள் பாடியின் கூரை கீறல் விழுந்து வெளுத்துவிட்டது. தட்டில் இருந்த அந்த அரைக் கிலோவின் மையம் சேஸியிலிருந்து 60 மி.மீ. உயரத்தில் இருந்தது. சேஸி மேலேயே உட்கார வைத்திருந்தால் 25 மி.மீ.தான். இடம் வலம் பார்த்தேன், உயரத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய விஷயம் வேறு. மோட்டார் மவுண்ட் மட்டும் பாக்கி என்கிறீர்கள். எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். மோட்டாரைப் பூட்டிவிட்டு, மிச்சம் கிடந்த இடத்தில் பேட்டரியைத் திணிக்கிறார்கள். தலைகீழ் வேலை! வண்டியில் ஏறப்போகும் சாமான்களில் அதிக எடை பேட்டரிதான். அதற்கு இடம் குறித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

நைட்ரோ சேஸியில் என்ஜின் ஒரு பக்கம், டேங்க் மறுபக்கம். பந்தய பக்கிகளில் டேங்க் 125 சிசி. நிறைய நிரப்பினாலும் அந்த எரிபொருள் ஏறத்தாழ 110 கிராம், ஓட ஓட அதுவும் குறையும். அந்த லேசான டேங்குக்காக ஒதுக்கிய இடத்தில் நீங்கள் 500 கிராம் கட்டியை வைக்கப்போகிறீர்கள். அதே ஓரத்தில் வைத்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும். முதல் நண்பர் பாதி சரி என்றது இதனால்தான். பக்கம் சரி, தூரம் தப்பு.

தராசுக் கணக்குப் போடுங்கள். மோட்டார் சுமார் 350 கிராம் என்று வையுங்கள். ஸ்பர் என்ற பெரிய கியரோடு பல் சேர வேண்டும் என்பதால் அதன் இடத்தை நம்மால் அதிகம் மாற்ற முடியாது. நடுக்கோட்டிலிருந்து அதன் மையம் 50 மி.மீ. தள்ளி இருந்தால் 350 பெருக்கல் 50, அதாவது 17,500. மறுபக்கம் 500 கிராம் பேட்டரி அதே 17,500-ஐத் தர வேண்டுமானால் அதன் மையம் நடுக்கோட்டிலிருந்து 35 மி.மீ.யில் இருக்க வேண்டும். கட்டி மாதிரி இருக்கும் 4எஸ் பேட்டரியின் அகலம் ஏறக்குறைய 48 மி.மீ., பாதி 24. 35-இல் 24 போனால் 11. அதில் ஷாஃப்டின் பாதித் தடிமன் 4 போனால் மிச்சம் 7 மி.மீ. அந்த 7-க்குள் பேட்டரித் தட்டின் சுவர் 2 மி.மீ. நிற்க வேண்டும், ஷாஃப்ட் முனையில் இருக்கும் கப்பும் உரசாமல் சுற்ற வேண்டும். இறுக்கம்தான், ஆனால் அடங்கும். நான் சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மோட்டாரையும் பேட்டரியையும் சமையலறைத் தராசில் வைத்து, வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில், நிறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு கொஞ்சம் பிசகினால் ஈஎஸ்சியை வைத்துச் சரிக்கட்டலாம். எந்தப் பக்கம் எடை குறைகிறதோ அந்தப் பக்கம் அதைத் தள்ளுங்கள். பழைய ரேடியோ பெட்டி இருந்த முன்பகுதி அதற்கு நல்ல இடம், காற்றும் படும். ஒன்றில் மட்டும் கவனம்: பேட்டரியிலிருந்து ஈஎஸ்சிக்கு வரும் வயர் குட்டையாகவே இருக்கட்டும். அதை நீட்டினால் ஈஎஸ்சிக்குள் இருக்கும் கெபாசிட்டர்களுக்குப் பாடு அதிகம், சூடாகிச் செத்துப்போகும். நீளம் வேண்டும் என்றால் மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களை நீட்டுங்கள்.

துளை போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டிப் பாருங்கள். சக்கரம், பாடி எல்லாம் மாட்டி, முன்பக்கம் நடுக்கோட்டில் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனை, பின்பக்கம் நடுக்கோட்டில் இன்னொரு முனை, இந்த இரண்டின் மேல் வண்டியைத் தூக்குங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் கனம். பேட்டரியை 2 மி.மீ. உள்ளே தள்ளி மறுபடி தூக்குங்கள். என் இரண்டாவது வண்டிக்கு இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்கப் போயிற்று. ஆனால் ஒரே ஒரு தடவைதான் டிரில்லை எடுத்தேன்.

அந்தத் துளைகளையும் சேஸியின் குறுக்கே ஒரே வரிசையில் போட்டுவிடாதீர்கள். தபால்தலைத் தாளில் கிழிப்பதற்குத் துளை வரிசை இருக்குமே, அதேதான் ஆகும்: ஒரு பெரிய குதிப்பில் தகடு அந்தக் கோட்டிலேயே மடங்கும். அடியில் ஸ்க்ரூத் தலை துருத்தாதபடி குழித்துவிடுங்கள். ஃப்ளைவீலுக்காக வெட்டிய பொந்து ஒன்று தகட்டில் இருக்கும். கல்லும் மண்ணும் அதன் வழியாக நேரே ஸ்பர் பல்லுக்கு வரும். மெல்லிய அலுமினியத் துண்டாலோ பிளாஸ்டிக்காலோ அதை மூடாமல் வண்டியைத் தரையில் விடாதீர்கள்.

மூன்றாமவர் சொன்ன தகடு மாற்றத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டிக்கு அதே கம்பெனியில் எலெக்ட்ரிக் உடன்பிறப்பு இருந்து, முன் பின் கியர்பாக்ஸ்களும் வீல்பேஸும் ஒன்றாக இருந்தால், யோசிக்காமல் அந்தத் தகட்டையும் பேட்டரித் தட்டையும் வாங்குங்கள். பொந்து இல்லை, துளை தேட வேண்டாம், இந்தத் தராசுக் கணக்கை உங்களுக்காக வேறொருவர் போட்டு வைத்திருக்கிறார். இரண்டு மாடலின் பாகங்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருப்பதை நம்பி நான் ஒரு தகடு வாங்கினேன். சென்டர் டிஃப் (முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியல்) துளைகள் 5 மி.மீ. தள்ளி இருந்தன. அது இன்றும் என் மேஜையில் பசை கலக்கும் பலகையாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: என்னுடையது இரண்டு நெட்டுக்குத்துத் தகடுகளுக்கு நடுவில் என்ஜின் உட்காரும் மான்ஸ்டர் ட்ரக். இதில் சேஸித் தரை என்று ஒன்றே இல்லை. பேட்டரியை எங்கே வைப்பது? இரண்டு வேக கியர்பாக்ஸை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: நீங்கள் சொல்வது ஹெச்பிஐ சாவேஜ் வகைச் சேஸி என்று நினைக்கிறேன். இதில் இரண்டு பேட்டரி போடுங்கள். ஆளுக்கொரு 2எஸ், தகடுகளுக்கு வெளியே இரண்டு பக்கமும் பெட்டி மாதிரி, முடிந்த அளவு தாழ்வாக. மோட்டார் நடுவில் இருப்பதால் சமநிலைக்குத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டையும் தொடராக இணைத்தால் 7.4 கூட்டல் 7.4, 14.8 வோல்ட். இரண்டும் ஒரே கொள்ளளவு, ஒரே வயது, ஒரே அளவு சார்ஜ். ஒன்று கிழம், ஒன்று புதிது என்றால் கிழம் முதலில் தரைதட்டி வீங்கும். பெட்டி வெளியே இருப்பதால் அடியும் அதற்குத்தான் முதலில். எனவே ஹார்ட் கேஸ் பேட்டரியே போடுங்கள்.

இரண்டு வேகம் வேண்டாம், ஒரே கியரில் பூட்டிவிடுங்கள். நைட்ரோ என்ஜினுக்கு வேகம் ஏறினால்தான் பலம், அதனால் அந்த ஏற்பாடு. மோட்டார் நின்ற இடத்திலேயே முழு முறுக்கத்தையும் தரும், அதை கியர் மாற்றும் அந்தச் சின்ன கிளட்ச் தாங்காது. ரிவர்ஸ் கியர் இருந்தால் அதுவும் போகட்டும், ஈஎஸ்சியே பின்னால் ஓட்டும்.

கேள்வி: மவுண்டில் மோட்டாரை முன்பக்கம் பார்த்தும் மாட்டலாம், பின்பக்கம் பார்த்தும் மாட்டலாம் என்று இருக்கிறது. எது நல்லது? திருப்பி மாட்டினால் வண்டி பின்னால் ஓடுமா? மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எனக்கு மோட்டார் துடித்ததே தவிர ஓடவில்லை.

பதில்: கடைசியில் இருந்து வருகிறேன், ஏனென்றால் தப்பு என்னுடையது. வயரை மாற்றும் வித்தை சென்சார் இல்லாத மோட்டாருக்குத்தான். உங்களுடையதில் சென்சார் கேபிள் இருக்க வேண்டும். அதில் ஏ-க்கு ஏ, பி-க்கு பி, சி-க்கு சி என்றுதான் மாட்ட வேண்டும். சுழலும் திசையை ஈஎஸ்சியின் செட்டிங்கில் மாற்றுங்கள். போன இதழில் இதைச் சொல்லாமல் விட்டதற்கு மன்னியுங்கள்.

ஆம், திருப்பி மாட்டினால் மோட்டார் எதிர்த்திசையில்தான் சுற்றும். எடை விஷயத்தில், மோட்டார் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் பின் சக்கரத்துக்குப் பிடி அதிகம், புழுதியில் நல்லது. முன்னால் நீட்டினால் திருப்பத்தில் மூக்கு சட்டென்று உள்ளே வரும், ஆனால் வால் வீசும். நீங்கள் குதிக்க விடுகிறவர் என்றால் அதற்கு ஏற்கனவே கையில் மருந்து இருக்கிறது: காற்றில் த்ராட்டில் கொடுத்தால் மூக்கு தூக்கும், பிரேக் பிடித்தால் இறங்கும். அதனால் நான் பேட்டரியை எந்தப் பக்கம் எளிதாகக் கழற்றி மாட்ட முடிகிறது என்று பார்த்துத்தான் மோட்டாரின் முகத்தை முடிவுசெய்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டச் சொன்னால் ஒரு மாதத்தில் வண்டி பரணில் ஏறிவிடும்.

கேள்வி: 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று) மோட்டார், 4எஸ், ஸ்பர் 46 பல், டிஃப் 43க்கு 10, டயர் விட்டம் 140 மி.மீ. பினியன் (மோட்டாரில் மாட்டும் சின்ன கியர்) எத்தனை பல் போடலாம்?

பதில்: இப்படிக் கேட்டால் பதில் சொல்வது சுகம். 14.8 வோல்ட்டில் 29,600 சுற்று. 14 பல் போட்டால் மொத்தக் குறைப்பு ஏறத்தாழ 14.1, சக்கரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 2,100 சுற்று. காகிதத்தில் மணிக்கு 55 கி.மீ., தரையில் அதைவிடக் குறையும். 13-இல் ஆரம்பியுங்கள். பல் சேர்க்கும்போது இரண்டு கியருக்கும் நடுவில் ஒரு கீற்றுக் காகிதம் வைத்து இறுக்கி, பிறகு உருவிவிடுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை மூன்று விநாடி வைத்திருக்க முடிந்தால் 14-க்குப் போகலாம்.

கேள்வி: பழைய பிரேக் டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், பிரேக்கை ஈஎஸ்சி பார்த்துக்கொள்ளும். டிஸ்க் போனால் முன் பின் பிரேக்கைத் தனித்தனியாகத் திருத்தும் வசதியும் போகும். அதற்கு நான் சென்டர் டிஃப்பில் 10,000 ஆயிலை இறக்கிவிட்டு அதைவிடக் கெட்டியான 30,000 ஊற்றினேன். முன் சக்கரம் காற்றில் வீணாகச் சுற்றுவதும் அதோடு நின்றது.