மகன் ராணுவப் பணியில் வெளிநாட்டில். அவன் காரை நான் தானம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் மகன் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான். சில மாதங்களுக்கு முன் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுடைய 2012 ஹோண்டா சிவிக் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. பேட்டரி இறங்கிவிட்டது. குடியிருப்பு உரிமையாளர் சங்கமான எச்.ஓ.ஏ.விலிருந்து நோட்டீஸும் வந்துவிட்டது. போன வாரம் பேசும்போது, “ஏதாவது சாரிட்டிக்குக் கொடுத்துடுங்கம்மா, வரியிலும் கழிச்சுக்கலாம்” என்றான். டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், அவன் பெயரில் இருக்கிறது. “அவன் கையெழுத்தை நானே போட்டுவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்?” என்கிறார் என் கணவர். செய்யலாமா? ரேடியோவில் விளம்பரம் வருகிற இடத்துக்கே கொடுத்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: முதலில் உங்கள் கணவர் கையிலிருந்து பேனாவை வாங்கி வையுங்கள். மகனே போனில் சரி என்று சொல்லியிருந்தாலும், அவர் பெயரை அப்பா எழுதினால் சட்டத்தின் கண்ணில் அது போலிக் கையெழுத்துதான். தொண்டு நிறுவனம் ஏலம் விடும் காரை எடுத்தவர் டைட்டில் மாற்றப் போகும்போது சிக்கல் வந்தால், கேள்வி உங்கள் வீட்டுக்கு மட்டும் வராது. ராணுவத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரும் அதில் அடிபடும். ஒரு பழைய சிவிக்குக்காக அந்தத் தலைவலி தேவையா?

நேரான வழி, பவர். ஊரில் நிலம் விற்க, வாங்கப் பவர் எழுதிக் கொடுப்போமே, அதேதான். ராணுவத்தில் இது அன்றாட வேலை. முகாம்களில் சட்ட உதவி அலுவலகம் இருக்கும். வீரர்களுக்கு அங்கே கட்டணம் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும்போதும் ராணுவச் சட்ட அதிகாரிகள் நோட்டரி வேலையைச் செய்யலாம் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அங்கே முறைப்படி எழுதிய ராணுவப் பவரை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இன்னொன்று. கிளம்புவதற்கு முன்பே பல வீரர்கள் ஒரு பவர் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். உங்களிடம் விட்டுப்போன காகிதக் கட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். அப்புறம், எதற்கு அதிகாரம் தந்திருக்கிறார் என்ற வரியை விரல் வைத்துப் படியுங்கள். பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். “காரை விற்க” என்று மட்டும் எழுதியிருந்தால், அதை வைத்து இலவசமாகத் தூக்கிக் கொடுக்க முடியும் என்று நம்பக் கூடாது. பவர் வாங்கியவர் பொருளை விலைக்கு விற்பது வேறு, தானமாகக் கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு வெளிப்படையான அனுமதி வேண்டும். புதிதாக எழுதுவதானால் இந்தக் காருக்கு மட்டுமான தனிப் பவராக எழுதச் சொல்லுங்கள். காரின் ஆண்டு, மாடல், வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணான வின் நம்பர், “பணம் பெறாமல் தொண்டு நிறுவனத்துக்கு உரிமை மாற்றவும், டைட்டில் ஆவணங்களில் கையெழுத்திடவும்” என்ற வாசகம், முடிவுத் தேதி, இவ்வளவும் அதில் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுப் பவர் வாங்காதீர்கள். உங்கள் மேல் சந்தேகம் என்று இல்லை. வங்கிக் கணக்கு வரை திறக்கும் ஒரு காகிதத்தை வாசலில் நிற்கும் காருக்காக எழுத வேண்டாம், அவ்வளவுதான். தபாலில் மூலப் பிரதி வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம், எச்.ஓ.ஏ.வுக்கு ஒரு கடிதம் போட்டு அவகாசம் கேளுங்கள்.

டெக்சஸில் டைட்டில் வேலை நடப்பது கவுண்டி வரி அலுவலகத்தில். வாகன மாற்றத்துக்கென்றே மாநிலத்துக்கு ஒரு பவர் படிவம் உண்டு, வி.டி.ஆர்.-271. எதை ஏற்பார்கள், மூலப் பிரதி வேண்டுமா என்று அவர்களிடம் முன்கூட்டியே ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடும்போது உங்கள் பெயரைத்தான் எழுத வேண்டும், மகனுக்காகப் பவர் பெற்றவர் என்ற குறிப்போடு. கார் கடனில் வாங்கியதா? டைட்டிலில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கைக்கு வராமல் எதுவும் நகராது.

சரி, வரி விஷயம். உங்கள் மகன் நினைக்கிற அளவுக்கு அதில் எதுவும் கிடைக்காது என்பதுதான் என் கணிப்பு. வாகன தானத்தைக் கழிக்க வேண்டுமென்றால், எல்லோருக்கும் கிடைக்கும் பொதுக் கழிவை விட்டுவிட்டு, செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கணக்குக் கொடுக்க வேண்டும். 2025ஆம் ஆண்டுக் கணக்கில், கல்யாணமாகாத ஒருவருக்கு எந்தக் கேள்வியும் இல்லாமல் 15,750 டாலர் பொதுக் கழிவு கிடைக்கிறது. சொந்த வீடு, வீட்டுக் கடன் இல்லாத இளைஞருக்குத் தனிச் செலவுகள் அந்தத் தொகையைத் தாண்டுவது அரிது. போதாக்குறைக்கு, போர் மண்டலம் என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் அவர் இருந்தால், அதிகாரி அல்லாத வீரர்களுக்கு அந்த மாதங்களின் சம்பளத்துக்குக் கூட்டாட்சி வருமான வரியே கிடையாது. இல்லாத வரியில் எதைக் கழிப்பது?

அப்படியே கழித்தாலும், இணையத்தில் பார்க்கிற சந்தை விலையைப் போட முடியாது. 2005க்கு முன் மக்கள் அப்படித்தான் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். 2003இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 54 தானக் கார்களைத் தொடர்ந்து போய்ப் பார்த்தது. சுமார் மூன்றில் இரண்டு பங்கு கார்களில், கொடுத்தவர் கணக்கில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் தொண்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு சட்டம் இறுகியது. நிறுவனம் காரைப் பயன்படுத்தாமல் அப்படியே விற்றுவிட்டால், விற்ற தொகைதான் கழிவு. 5,000 டாலர் பெறும் என்று நீங்கள் நினைத்த கார் ஏலத்தில் 1,200க்குப் போனால், 1,200தான். கழிவு 500 டாலருக்கு மேல் என்றால் 1098-சி என்ற படிவம் வேண்டும். விற்ற 30 நாளுக்குள் அதை நிறுவனம் அனுப்ப வேண்டும். அதற்கு மகனின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்பார்கள். எனவே நிறுவனம் உண்மையானதா என்று பார்க்காமல் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்.

கழிவு காரின் உரிமையாளருக்குத்தான், உங்களுக்கு அல்ல. வீட்டுக் கடன் வட்டி, ஃபிரிஸ்கோ சொத்து வரி எல்லாம் சேர்ந்து நீங்களும் கணவரும் ஏற்கெனவே தனித்தனியாகக் கணக்குக் காட்டுகிறவர்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மகன் காரை உண்மையாகவே உங்களுக்குப் பரிசாகக் கொடுத்துவிடலாம். டெக்சஸில் பெற்றோர், பிள்ளைக்கிடையே பரிசு மாற்றத்துக்கு 10 டாலர்தான் வரி. பிறகு கார் உங்களுடையது, நீங்கள் உங்கள் பெயரில் தானம் செய்யலாம். அதற்கும் அவர் கையெழுத்தோ பவரோ வேண்டும் என்பது மாறாது.

யாருக்குக் கொடுப்பது? பாட்டுப் போட்டு வரும் விளம்பரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல நிறுவனங்களுக்குக் காரை இழுத்துக்கொண்டு போய் ஏலம் விடுவது இடைத்தரகு கம்பெனி, அதன் பங்கு போகத்தான் மிச்சம். பெயரில் “வெட்டரன்” இருப்பதாலேயே பணம் முன்னாள் வீரர்களுக்குப் போகிறது என்று அர்த்தமில்லை. அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கம் உண்டு, அங்கே பெயரைப் போட்டுப் பாருங்கள். பிறகு நேரடியாகப் போன் செய்து, “காரை நீங்களே ஓட்டுவீர்களா, பழுதுபார்த்து யாருக்காவது கொடுப்பீர்களா, விற்பீர்களா? விற்றால் உங்களுக்கு எத்தனை சதவீதம்?” என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த இடம்.

என்னைக் கேட்டால், பேட்டரி மாற்றி ஓடக்கூடிய சிவிக்கை விற்றுவிட்டு, அந்தப் பணத்தைக் கொடுப்பதுதான் தர்மத்துக்கு லாபம். வீரர் குடும்பங்களுக்கே போக வேண்டும் என்று உங்கள் மகன் விரும்பினால், 1942 முதல் இயங்கும் ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது.

இவ்வளவுக்கும் முன்னால் மகனிடம் ஒன்று கேளுங்கள்: திரும்பி வந்தால் எதை ஓட்டுவாய்? வெளிநாட்டுப் பணியில் சேர்த்து வைத்த சம்பளத்தோடு வந்திறங்கும் பையன்களுக்காகவே முகாம் வாசலில் கார் கடைகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. வட்டியைக் கேட்டால் மயக்கம் வரும். கடனில்லாத பழைய ஹோண்டா அவருக்கு அப்போது பெரிய சொத்து. அவருடைய முகாமில் பணிக்குப் போனவர்களின் வண்டிகளை நிறுத்தி வைக்க இடம் உண்டா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். நிறுத்தி வைத்த காருக்கு இன்சூரன்ஸைக் குறைத்துத் தரும் கம்பெனிகள் இருக்கின்றன.

இல்லை, கொடுத்தே தீர்வது என்றால், வண்டி எடுக்க வருகிற அன்று வாங்குபவர் பெயர் இடத்தைக் காலியாக விட்டு டைட்டிலைக் கொடுக்காதீர்கள். டிரைவர் அவசரப்படுத்துவார், நீங்கள் நிதானமாக நிறுவனத்தின் பெயரையும் தேதியையும் ஓடிய மைலையும் எழுதுங்கள். முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, நம்பர் பிளேட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, வண்டி கைமாறியதை மாநில வாகனத் துறையான டி.எம்.வி. தளத்தில் அன்றே பதிவு செய்யுங்கள். பையன் எங்கே இருக்கிறான், எப்போது வருவான் என்று டிரைவரிடம் பேச வேண்டாம். எனக்கு எழுதிய கடிதத்திலும் நீங்கள் அதை எழுதாதது நல்லது. டோல் டேக்கை உரித்து எடுத்துவிட்டு, கணக்கிலிருந்தும் அந்தக் காரை நீக்குங்கள். இன்சூரன்ஸை நிறுத்துவது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.