விட்டுக்கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் எனக்குச் சொந்தமான கடையை ஒருவருக்கு பேக்கரி வைக்க வாடகைக்கு விட்டேன். மூன்று வருட ஒப்பந்தம், மாதம் 30,000 ரூபாய். உள்வேலை பார்த்துக்கொள்ளட்டும் என்று முதல் மூன்று மாதம் வாடகை வாங்கவில்லை. இப்போது 14 மாதத்திலேயே காலி செய்கிறேன் என்கிறார். அந்த 90,000 ரூபாயை அட்வான்சில் கழித்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மூன்று வருடம் இருப்பார் என்று நம்பித்தானே விட்டுக்கொடுத்தீர்கள், வருத்தம் நியாயமானது. ஆனால் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்காமல் அட்வான்சில் கை வைக்காதீர்கள்.

"இடையில் காலி செய்தால் சலுகையைத் திருப்பித் தர வேண்டும்" என்று அதில் ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் அந்த மூன்று மாதத்துக்கு வாடகை பாக்கி என்று ஒன்று கிடையவே கிடையாது. வாயால் பேசியதை அவர் மறுத்தால் நிரூபிப்பது பெரும்பாடு. வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

அப்புறம், ஒப்பந்தத்தைப் பதிவு செய்தீர்களா? பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். செலவுக்குப் பயந்து முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டால், மூன்று வருடம் என்பதையே நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாமல் போகலாம். காலமே உறுதியில்லை என்றால் "பாதியில் போனார்" என்ற வாதமும் நிற்காது. இரண்டு மாத நோட்டீஸில் யாரும் விலகலாம் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, பதிவும் இருக்கிறது, சலுகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முழு 90,000 கேட்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான்; அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 35-வது மாதம் போனாலும் முழுத்தொகை என்பது தண்டனை போலத்தான் தெரியும். சலுகையை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,500 ரூபாய். 14 மாதம் இருந்துவிட்டார். மீதி 22 மாதத்துக்கு 55,000 ரூபாய். இதைக் கேட்டால் அவராலும் மறுத்துப் பேசுவது கடினம். அடுத்த மாதமே வேறு ஆள் வந்துவிட்டால் இதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நஷ்டம் அவ்வளவு இல்லையே.

அட்வான்சை முழுதாக நிறுத்தி வைக்காதீர்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் வருட வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டியதைக் கழித்து மீதியைக் கொடுத்துவிட வேண்டும். கடை தொடங்கி நஷ்டப்பட்டுப் போகிறவருக்கு அந்தப் பணம் எவ்வளவு அவசரம் என்று யோசித்துப் பாருங்கள். கழித்த கணக்கை ஒரு தாளில் எழுதி, சாவி வாங்கும்போதே இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருபவருக்கு இப்படி எழுதுங்கள்: "மூன்று மாத வாடகைச் சலுகை 36 மாதமும் இருப்பார் என்ற அடிப்படையில் தரப்படுகிறது. முன்னதாகக் காலி செய்தால், மீதி மாதங்களுக்கு மாதம் இவ்வளவு ரூபாய் வீதம் திருப்பித் தர வேண்டும்." எழுதியதை மறக்காமல் பதிவு செய்யுங்கள்.